பைப் ராக்: புழு வளைகளும் ஓத மணலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் பைப் ராக் என்றொரு மணற்கல் இருக்கிறது. வயது சுமார் 52 கோடி ஆண்டு, கேம்பிரியன் காலம். மாணவர்களுக்கும் பாறை ஆர்வலர்களுக்கும் அதன் படங்களைக் காட்டும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், தலைவலி தருபவை கடைசியில். கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்றே எழுதுகிறேன்.

பாறைக்குள்ள குச்சி குச்சியா நிக்குதே, அது என்னது?

வளைகள். ஆழமற்ற கடலடி மணலில் புழு போன்ற ஏதோ ஓர் உயிரி செங்குத்தாகத் துளைத்துக் குடியிருந்த இடங்கள். பிறகு துளைக்குள் மணல் நிரம்பி எல்லாம் சேர்ந்து கல்லாகிவிட்டது. பெரும்பாலானவை விரல் தடிமன்கூட இல்லை. நீளம் சில சென்டிமீட்டர் முதல் சில இடங்களில் ஒரு மீட்டர் வரை போகும்.

அசின்ட் ஏரிக் கரையில் ஸ்கியாக் பாலத்துக்கு அருகே சாலையோரமாகவே இந்தப் பாறை தெரியும். பக்கவாட்டு முகத்தில் வெளிறிய கோடுகள் நெட்டாக நிற்கும். அதே பாறையின் மேல்தளத்தைக் குனிந்து பார்த்தால் கோடுகள் எல்லாம் வட்டங்களாகிவிடும். படத்தில் 'குச்சி' என்றும் 'பொட்டு' என்றும் இரண்டு விதமாகத் தெரிவது ஒரே பொருள்தான், பார்க்கும் முகம் வேறு.

இனி வரும் பதில்களுக்காக அடுக்குகளின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். கீழே அடிக் குவார்ட்சைட் (குவார்ட்ஸ் மணல் இறுகிய கடினமான கல்), அதன்மேல் பைப் ராக், அதன்மேல் ஃபியூகாய்டு அடுக்குகள், அப்புறம் சால்டெரெல்லா கிரிட், எல்லாவற்றுக்கும் மேலே டர்னஸ் சுண்ணாம்புக்கல். பைப் ராக் மட்டும் 75 முதல் 100 மீட்டர் தடிமன்.

தடப் புதைபடிவம்னா டைனோசர் காலடி மாதிரியா?

அதுவும் ஒரு வகை. உயிரியின் உடல் கிடைத்தால் உடல் புதைபடிவம். அது நடந்தது, ஊர்ந்தது, தோண்டியது, தின்றது ஆகியவற்றின் அடையாளம் மட்டும் கிடைத்தால் தடப் புதைபடிவம். எலும்பும் ஓடும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போய் வேறெங்கோ புதையலாம். வளை அப்படி இடம்பெயராது, தோண்டிய இடத்திலேயே இருக்கும். பழைய கடலின் அடித்தரையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஓட்டைவிட வளையை நம்பலாம் என்பது என் கட்சி.

எந்தப் புழு போட்டதுன்னு தெரியாமலே பேர் வச்சிருக்கீங்களே?

ஆமாம், தெரியாது. இந்த நேர்க்குழாய்களுக்கு ஸ்கோலித்தோஸ் என்ற பெயரை 1840-இல் ஹால்டிமன் என்ற அமெரிக்கர் வைத்தார். அது விலங்கின் பெயரல்ல, வளையின் வடிவத்துக்கு வைத்த பெயர். வளையப் புழுக்களாக இருக்கலாம், இன்றும் குழாய்க்குள் வாழும் ஃபொரோனிட்களைப் போன்ற ஏதாவதாக இருக்கலாம் என்கிறார்கள். உடல் எதுவும் குழாய்க்குள் மாட்டவில்லை.

தடத்துக்குத் தனிப் பெயர் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நண்டு நடந்தால் ஒரு தடம், தோண்டினால் இன்னொரு தடம். மறுபக்கம், உறவே இல்லாத இரண்டு புழுக்கள் ஒரே மாதிரித் துளை போடும். தடத்தையும் விலங்கையும் ஒரே பெயரில் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

மணல்ல போட்ட ஓட்டை அன்னிக்கே இடிஞ்சு விழுந்துடும். 52 கோடி வருஷம் எப்படி நிக்கும்?

கடற்கரை மணலில் குழி தோண்டியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. குழாயில் வாழும் பல உயிரிகள் சுவரைச் சளி பூசி இறுக்கிக்கொள்கின்றன. விலங்கு செத்தபின் மேலிருந்து மணல் இறங்கித் துளையை நிரப்புகிறது. நிரம்பிய மணலின் பருமனும் நெருக்கமும் சுற்றியிருக்கும் மணலைவிடக் கொஞ்சம் வேறாக இருக்கும். கல்லாகும்போது நீர் இரண்டிலும் ஒரே மாதிரி ஊடுருவுவதில்லை. அதனால்தான் நிறம் பிரிந்து நிற்கிறது. நீங்கள் பார்ப்பது ஓட்டை அல்ல, ஓட்டைக்குள் வார்த்த மணல்.

பைப் ராக்கில் ஓடுகள் ஏறக்குறைய கிடையாது. தூய குவார்ட்ஸ் மணலுக்குள் நீர் தாராளமாகப் போய்வரும், மெல்லிய ஓடுகள் கரைந்துவிடும். வளைக்கு அந்தக் கவலை இல்லை.

ஆத்து மணலா இருக்கக்கூடாதா? கடல்னு எப்படிச் சொல்றீங்க?

அந்தக் காலத்தில் நிலத்தில் செடி கொடி இல்லை. ஆறுகள் கட்டுப்பாடில்லாமல் அகலமாகப் பரவி ஓடின. ஆகவே 'விரிந்து பரந்த மணல்' என்பதை மட்டும் வைத்துக் கடல் என்று சொல்ல முடியாது. கேள்வி நியாயமானதுதான்.

கடல் என்று சொல்ல வைப்பவை வேறு. எரிபால் கடற்கழியிலிருந்து ஸ்கை தீவு வரை சுமார் 200 கி.மீ. தூரத்துக்கு இதே அடுக்குகள் இதே வரிசையில் வருகின்றன. ஆற்றுப் படிவு இவ்வளவு தூரம் ஒழுங்காக இராது. மேலேயுள்ள ஃபியூகாய்டு அடுக்கில் ஒலெனெல்லஸ் என்ற ட்ரைலோபைட் (அழிந்துபோன கடல்வாழ் கணுக்காலி) இருக்கிறது. அதற்கும் மேலே சால்டெரெல்லா என்ற சிறு கூம்பு வடிவக் கடலுயிரியின் ஓடுகள். கீழிருந்து மேலே கடல் ஏறிக்கொண்டே வந்த கதை அது.

இதே ஒலெனெல்லஸும் சால்டெரெல்லாவும் கிரீன்லாந்திலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கிடைக்கின்றன. அப்போது ஸ்காட்லாந்தின் இந்தத் துண்டு வட அமெரிக்காவோடு ஒட்டியிருந்தது. இடையில் ஒரு பெருங்கடல், அதைத் தாண்டித்தான் இங்கிலாந்து இருந்தது.

சரி, கடல். ஓதம் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?

மணலைக் கேட்க வேண்டும். நீரோட்டம் மணலைத் தள்ளும்போது கடலடியில் மணல் மேடுகள் உருவாகி நகரும். மேட்டின் சரிவில் மணல் சரிந்து சரிந்து விழுவதால் மெல்லிய சாய்வான அடுக்குகள் உண்டாகும். அந்தச் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓட்டம் போனது. ஆற்றில் சாய்வு ஏறக்குறைய ஒரே பக்கம் இருக்கும். ஓதக் கடலில் ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது எதிர்ப்பக்கம். அடிக் குவார்ட்சைட்டில் ஒரு சாண் அடுக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்க, அதன்மேல் உள்ள அடுக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். மீன்முள் அமைப்பு என்பார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு, அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஒரே பக்கம் சாயும் அடுக்குகளுக்கு நடுவே திடீரென்று ஒரு வழுக்கலான வெட்டு. அதன்மேல் பழைய திசையிலேயே மறுபடி அடுக்குகள் தொடரும். வலுவான ஓட்டம் மேட்டைக் கட்டியது, எதிர் ஓட்டம் வந்து மேட்டின் தலையைச் சீவியது, பிறகு வலுவான ஓட்டம் திரும்ப வந்து வேலையைத் தொடர்ந்தது. எதிர் ஓட்டம் தன் சொந்த அடுக்கை விடாத இடத்திலும் இந்த வெட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னைல கடல் ஏறி இறங்குறதே கண்ணுக்குத் தெரியாது. அது போய் மணலை இவ்ளோ நகர்த்துமா?

சென்னையில் ஓத வீச்சு அதிகபட்சம் ஒரு மீட்டர் சொச்சம். காம்பே வளைகுடாவில் பாவ்நகர் பக்கம் 10 மீட்டர். கடலும் அதே கடல், நிலாவும் அதே நிலா. கடலடியின் ஆழமும் கரையின் வடிவமும்தான் வித்தியாசம்.

தவிர, மணலை நகர்த்துவது நீரின் உயரம் அல்ல, ஓட்டத்தின் வேகம். ஐரோப்பாவை ஒட்டிய இன்றைய வட கடலின் தெற்குப் பகுதியில் ஓத ஓட்டம் கடலடியில் பல மீட்டர் உயர மணல் மேடுகளைக் கட்டி வைத்திருக்கிறது. மேலே கப்பலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்போ இந்தக் குழாய் எங்க இருந்தாலும் அது ஓதக் கடல்னு சொல்லிடலாமா?

கூடாது. தேர்வுத் தாள்களிலும் இந்தத் தவற்றைப் பார்க்கிறேன். ஸ்கோலித்தோஸ் சொல்வது இவ்வளவுதான்: மணல் அடிக்கடி அசைந்தது, உணவு நீரில் மிதந்து வந்தது, உயிரி ஆழமாக இறங்கித் தப்பித்துக்கொண்டு தலையை மட்டும் மேலே நீட்டி வாழ்ந்தது. அப்படிப்பட்ட இடம் ஓதக் கடலாகவும் இருக்கலாம், அலையடிக்கும் கரையாகவும் இருக்கலாம், புயல் கொட்டிய மணலாகவும் இருக்கலாம். ஆழ்கடல் வாய்க்கால் மணலிலும் இத்தகைய குழாய்கள் உண்டு.

அடால்ஃப் சைலாக்கர் என்ற ஜெர்மானியர் 1960-களில் தடங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சூழலைச் சொன்னார். அதைப் பலர் ஆழமானி போலப் பயன்படுத்திவிட்டார்கள். ஓதத்துக்குச் சாட்சி 'ஓதம் இருந்துச்சுன்னு' கேள்வியில் சொன்ன சாய்வு அடுக்குகள்தான். குழாய் தருவது வேறு தகவல்: மணல் எப்போது ஓய்ந்தது என்பது. மேடு நகர்ந்துகொண்டிருந்தால் யாரும் குடியேற முடியாது. ஆகவே மணல் ஓட்டத்தைச் சொல்லும், வளை ஓய்வைச் சொல்லும். ஒன்றை விட்டு மற்றதைப் படித்தால் பாதிக் கதைதான்.

எல்லா அடுக்கிலயும் ஏன் குழாய் இல்லை? அடிக் குவார்ட்சைட்டுக்கும் பைப் ராக்குக்கும் மணல் ஒண்ணுதானே?

மணல் கிட்டத்தட்ட ஒன்றுதான், கீழே ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் மேலே சொன்ன ஓய்வு. அடிக் குவார்ட்சைட் படிந்தபோது மேடுகள் ஓயாமல் நகர்ந்தன. பைப் ராக் காலத்தில் ஓட்டம் நடுநடுவே நின்று, கடலடி வெறுமனே கிடந்த காலங்கள் அதிகம்.

பைப் ராக்குக்குள்ளேயும் இது ஏறி இறங்கும். சில படுகைகளில் சாய்வு அடுக்குகள் பளிச்சென்று தெரிகின்றன, குழாய் அங்கொன்றும் இங்கொன்றும். அடுத்த படுகையில் குழாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, அடுக்கு என்பதே அழிந்துபோயிருக்கிறது. பீச், ஹார்ன் தலைமையிலான பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வுக் குழு 1907-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில், குழாய்களின் வகையை வைத்தே பைப் ராக்கை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெறுங்கண்ணாலும் சுத்தியலாலும் செய்த வேலை அது.

சிலது மேல புனல் மாதிரி விரிஞ்சிருக்கே, அது வேற பிராணியா?

அப்படி விரிந்தவற்றுக்கு மோனோக்ரேட்டேரியன் என்று பெயர். விலங்கு வேறாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. குழாயின் வாயைச் சுற்றி மணல் உள்ளே சரிந்தால் புனல் உண்டாகும். மேலே மணல் சேரச் சேர விலங்கு ஏறி வந்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல புனல்கள் அடுக்கியதுபோல் தெரியும். அதே குழாயின் மேல்பகுதியை ஓட்டம் சீவிக்கொண்டு போய்விட்டால் மிஞ்சுவது நேர்க்குழாய் மட்டும். ஆகவே ஒரு படுகையில் புனல்கள் முழுசாக இருந்தால், அங்கே பெரிய அரிப்பு நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது யூ வடிவக் குழாயான டிப்ளோக்ரேட்டேரியன். இங்கிலாந்தின் வடக்கு டெவனில் டெவோனியன் காலப் பாறைகளில் கிடைத்த ஒரு வகைக்கு 'யோயோ' என்றே பெயர் வைத்துவிட்டார் கோல்ட்ரிங். மணல் சேர்ந்தால் விலங்கு யூவின் அடியை மேலே தூக்கும், மணல் அரித்தால் கீழே இறக்கும். பழைய அடிகளின் வளைகோடுகள் இரு கால்களுக்கு நடுவே வரிவரியாக நிற்கும். எந்தப் பக்கம் வரிகள் இருக்கின்றனவோ அதை வைத்துக் கடலடி ஏறியதா இறங்கியதா என்று சொல்லிவிடலாம்.

மேல இருக்கிற ஃபியூகாய்டு அடுக்குல பாசிதானே இருக்கு? பேரே அப்படித்தானே?

பெயர் மட்டும்தான் அப்படி, ஃபியூகாய்டு என்றால் கடற்பாசி போன்றது. 19-ஆம் நூற்றாண்டில் பாறைத் தளங்களில் கிளைத்து வளைந்து கிடந்த தடங்களைக் கடற்பாசியின் படிவம் என்று நம்பினார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த நாதோர்ஸ்ட், உயிருள்ள விலங்குகளை மென்சேற்றில் ஊர்ந்து போகவிட்டு அவற்றின் தடங்களைப் பதிவெடுத்து, 1881-இல் வெளியிட்டார். 'பாசி'களில் பல விலங்குத் தடங்கள் என்று தெரிந்தது. இங்கே இருப்பவையும் புழுத் தடங்கள்தான், பெரும்பாலும் கிடைமட்டமானவை.

செங்குத்திலிருந்து கிடைமட்டத்துக்கு மாறியதே ஒரு செய்தி. ஓட்டம் தணிந்து, சேறும் வண்டலும் படிய ஆரம்பித்துவிட்டது. உணவு நீரில் மிதந்தது போய் சேற்றோடு கலந்து கிடக்கிறது. புழு படுத்தவாக்கில் மேய்கிறது.

தினசரி ஓதத்தை அடுக்குல எண்ணிப் பார்க்க முடியுமா?

பைப் ராக்கில் முடியாது. எண்ணுவதற்குச் சேறு வேண்டும். ஓட்டம் திரும்புமுன் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும், அப்போது மெல்லிய சேற்றுப் படலம் படியும். அதுதான் ஒரு ஓதத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கோடு போடும். இங்கே சேறு இல்லை, போதாக்குறைக்குப் புழுக்கள் வேறு கலக்கிவிட்டன.

முடிகிற இடங்கள் உண்டு. நெதர்லாந்தின் ஊஸ்டர்ஷெல்டேயில் விஸ்ஸர் 1980-இல் காட்டிய மணல் மேடுகளில் அடுக்குக் கட்டுகள் தடித்து மெலிந்து மறுபடி தடிக்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தடிப்பு, நடுவில் மெலிவு. நாளுக்கு இரண்டு ஓதம் வரும் கடலில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 28 ஓதம். தெற்கு ஆஸ்திரேலியாவின் எலட்டினா அடுக்குகள் இன்னும் பழையவை, 60 கோடி ஆண்டுக்கும் மேல். அவற்றிலிருந்து அன்றைய நாளுக்குச் சுமார் 22 மணி நேரம், ஆண்டுக்குச் சுமார் 400 நாள் என்று ஜார்ஜ் வில்லியம்ஸ் கணக்கிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே அடுக்குகளை முதலில் அவர் சூரியப் புள்ளிச் சுழற்சி என்றுதான் படித்தார். விலங்குகள் தோண்ட ஆரம்பிக்காத காலம் என்பதால் அடுக்குகள் கலையாமல் தப்பின.

நீர் வடிஞ்சா வெளியே தெரியுற கரையா, இல்ல எப்பவும் தண்ணிக்குள்ள இருந்த கடலடியா?

இதில் கருத்து நகர்ந்திருக்கிறது. 1971-இல் ஸ்வெட், கிளைன், ஸ்மிட் மூவரும் இந்த மணலை ஓதம் கட்டிய மணல் திட்டு என்று எழுதினார்கள். இன்றைய ஓதக் கரைகளில் குழாய்ப் புழுக்கள் நெருக்கமாக வாழ்வதைப் பார்த்துவிட்டு, பைப் ராக்கும் அப்படி நீர் வடியும் கரை என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். டாம் மெக்கீ 1990 வாக்கில் செய்த ஆய்வுகளில் படம் மாறியது. ஓதமும் புயலும் மாறி மாறி ஆண்ட, கடல் ஏறிவந்துகொண்டிருந்த, எப்போதும் நீருக்கடியில் இருந்த திறந்த கடல் மேடை (கண்டத்தை ஒட்டிய ஆழமற்ற கடலடி).

எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. வெயிலில் காய்ந்த கரையில் சேற்று வெடிப்பு இருக்க வேண்டும், நீர் வடிந்த சிறு கால்வாய்கள் இருக்க வேண்டும். குழாய் நெருக்கமாக இருப்பது மட்டும் கரைக்குச் சாட்சி ஆகாது. ஏன் என்று 'எங்க இருந்தாலும்' கேள்வியில் சொல்லியாயிற்று.

இன்னிக்கு ஏன் இப்படிக் குழாய்ப் பாறை உருவாகிறதில்லை?

குழாய்ப் புழுக்கள் இருக்கின்றன, போட்டியும் வந்துவிட்டது. மேரி டிரோசர் உலகெங்கும் ஸ்கோலித்தோஸ் மணற்கற்களை ஒப்பிட்டு, குழாய் நெருங்கி நிற்கும் பாறைகள் கேம்பிரியனில்தான் தாராளம், பிறகு குறைகின்றன என்று காட்டினார். பின்னாளில் ஆழமாகவும் கண்டபடியும் தோண்டும் விலங்குகள் பெருகி, ஒழுங்காக நின்ற குழாய்களைக் கிளறிவிட்டன என்பது ஒரு விளக்கம்.

நம்ம ஊர்ல பார்க்க முடியுமா?

பைப் ராக் போன்றது இல்லை. அரியலூர், பெரம்பலூர் பக்கம் கிரிட்டேசியஸ் காலக் கடல் படிவுகள் உண்டு, வயது பல மடங்கு குறைவு. அங்கே பதிவானவற்றில் தலாசினாய்டஸ், ஓஃபியோமார்ஃபா என்ற கிளைத்த வளைகள் முக்கியம். இறால் வகைகள் போட்டவை. ஓஃபியோமார்ஃபாவின் வெளிச்சுவரில் மணல் உருண்டைகளை ஒட்டி வைத்த சொரசொரப்பு இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஸ்காட்லாந்துக்கே போகிறவர்கள் ஸ்கியாக் பாலத்தோடு நொக்கன் கிராக் என்ற பாறைச் சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பைப் ராக்கிலிருந்து சுண்ணாம்புக்கல் வரை அடுக்கு வரிசை அங்கே தெரியும். இரண்டு இடத்திலும் சுத்தியல் வேண்டாம்.

குழாய் செங்குத்தா இருக்கும்னீங்க. என் படத்துல எல்லாம் சாஞ்சிருக்கே?

முதலில் படுகையின் தளத்தைப் பாருங்கள். இந்தப் பாறைகள் மொத்தமாகக் கிழக்கே சாய்ந்திருப்பதால், குழாயும் சேர்ந்து சாய்ந்து தெரியும். தளத்துக்கும் குழாய்க்கும் நடுவே 90 பாகை இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

90 இல்லை என்றால் விஷயம் சுவாரசியமாகிறது. இந்தப் பட்டையின் கிழக்கே மோயின் த்ரஸ்ட் ஓடுகிறது, ஒரு பாறைப் பாளம் இன்னொன்றின்மேல் ஏறிய பெரும் பிளவு அது. சுமார் 43 கோடி ஆண்டுக்கு முன் பழைய பாறைப் பாளங்கள் மேற்கு நோக்கி இளைய பாறைகளின்மேல் ஏறின. அந்த இழுப்பில் பைப் ராக்கும் சீட்டுக்கட்டைத் தள்ளியதுபோல் சரிந்தது. குழாய் முதலில் செங்குத்தாக இருந்தது என்று தெரிவதால், சரிவை அளந்துவிடலாம். செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருந்தால், 10 செ.மீ. தடிமன் படுகையின் மேல்தளம் அடித்தளத்தைவிட 10 செ.மீ. நகர்ந்திருக்கிறது. 60 பாகை என்றால் 17 செ.மீ.

ஒரு எச்சரிக்கை. தளத்துக்கு இணையாக வெறும் சரிவு மட்டும் நடந்திருந்தால், மேல்தளத்தில் தெரியும் வட்டம் வட்டமாகவே இருக்கும். அது நீள்வட்டமாக இருந்தால் தளமும் இழுபட்டிருக்கிறது, மேலே போட்ட கணக்கு அப்படியே செல்லாது. விலங்கே சாய்வாகத் தோண்டியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், ஒரு குழாயை விட்டுவிட்டுப் படுகை முழுக்கப் பாருங்கள். விலங்குகள் ஆளுக்கொரு பக்கம் சாய்க்கும். பாறை இழுபட்டால் எல்லாக் குழாயும் ஒரே பக்கம் சாயும்.